சூசை ஏறும் கட்டடம்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான். எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடுவதில்லை. பாதிப் பேச்சில் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா, தாழ்ப்பாள் போட்டேனா என்று பார்த்துவிட்டு வருகிற பழக்கமும் உண்டு. ஏற்கெனவே ஒரு தடவை சொல்லி, அது தப்பாகவே அச்சில் வந்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்து, மலையில் மட்டும் வழங்கும் சொற்களைச் சேர்க்கிறேன் என்று என் முன்னால் நோட்டை விரித்து உட்கார்ந்து, "கட்டடத்துக்குள் வரும் சூட்டுக்கு உங்கள் ஆட்கள் ஏன் சூசை என்று சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் போட்ட புத்தகத்தில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் இரண்டு தப்பு. ஒன்று அவர் செய்தது, சூசை என்பது பழைய சொல் ஒன்றிலிருந்து தேய்ந்து வந்திருக்கலாம் என்று எழுதியது. இன்னொன்று நான் செய்தது. முதல் தப்பைத் திருத்துவது சுலபம். அதிலிருந்து தொடங்குகிறேன்.

சூசை ஒரு ஆள். குள்ளமான, காது மடல் கருகிய, யாரிடமும் சிரிக்காத ஆள். எங்கள் கட்டடம் அந்தக் காலத்தில் நெஞ்சுநோய்க்காரர்களுக்காக வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆஸ்பத்திரி. தேயிலைக் காட்டுக்கு நடுவில், மேகம் ஜன்னல் வழியாக வந்து வாசல் வழியாகப் போகிற உயரத்தில் நிற்கிறது. நோயாளிகள் குளிரில் செத்துவிடக் கூடாது என்று அடித்தளத்தில் ஒரு பெரிய கொதிகலனை வைத்து, அதில் தண்ணீரைக் காய்ச்சி, அந்த நீராவியைக் குழாய் குழாயாகச் சுவருக்குள் ஏற்றி, ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்கு அடியில் நிற்கிற இரும்புக்குள் அனுப்பினார்கள். அந்த இரும்பு பார்ப்பதற்கு மாட்டின் விலா எலும்பு மாதிரி இருப்பதால் நாங்கள் விலா என்போம். ஆஸ்பத்திரி மூடிய பிறகு, கட்டடத்தை வைத்திருந்த திருச்சபை அதைப் பதினொரு வீடாகத் தடுத்து, எஸ்டேட்டில் வேலை செய்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கொடுத்தது. கட்டில்கள் போயின, நர்சுகள் போனார்கள், கொதிகலனும் அதைப் பார்த்துக்கொண்ட சூசையும் மட்டும் போகவில்லை.

விறகு யார் தருவது என்ற பேச்சு வந்தபோது முறை வைத்தவர் அவர்தான். பழைய கட்டில்களில் தொங்கிய நம்பர் தகரங்களில் பதினொன்றை எடுத்து, கதவுக்கு ஒன்றாகக் கொடுத்து, கொதிகலன் அறை வாசலில் ஒரே ஒரு ஆணி அடித்தார். நாளைக்கு யார் முறையோ அவர்கள் இன்று பொழுது சாய்வதற்குள் தங்கள் தகட்டைக் கொண்டுவந்து அந்த ஆணியில் மாட்ட வேண்டும். மாட்டினால் நாளைக்கு அந்தக் கதவு இரண்டு கட்டு மிலாறும் (கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை அப்படித்தான் சொல்வோம்) கொஞ்சம் கற்பூர மரக் கட்டையும் போடும் என்று வாக்கு. அவசரம் ஆத்திரமென்றால் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கண்டிப்பு. "அவங்கவங்க தகட்ட அவங்கவங்க கையால மாட்டணும். அடுத்தவன் தகட்டத் தொட்டீங்க, திறந்துவிடற ஆவியில கைய வச்சுத் தேய்ப்பேன்" என்பார். செய்யக்கூடியவர்தான்.

விடிகாலை ஐந்து மணிக்கு அவர் திருகைத் திறந்ததும் குழாய்க்குள் தேங்கிய தண்ணீரை நீராவி இடிக்கும். டொக், டொக், டொக் என்று மூன்று சத்தம். பிறகு விலாவில் ஒரு பெருமூச்சு. பிறகு சூடு. "சூசை வந்தாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு எழுந்திருப்போம். பிள்ளைகள் அந்த ஆளையும் அந்தச் சூட்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. "எங்க வீட்டுல சூசை இன்னும் ஏறல", "இட்லியில சூசை போயிடுச்சு" என்று பேசிப் பேசிப் பெரியவர்களுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. இவ்வளவுதான் அந்தச் சொல்லின் பிறப்பு.

ஒரு ஐப்பசியில் சூசை கொதிகலனுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அடுத்து அதைக் கையாளத் தெரிந்தவர் யாருமில்லை என்பதால் சபையார் ஆட்களை அனுப்பி, கேஸ் வைத்துக் கொதிகலனைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அது போவதை வாசலில் நின்று பார்த்தோம். அடித்தளத்தில் சிமெண்டுத் தரையும், கரி படிந்த சுவரும், வாயைத் திறந்துகொண்டு நிற்கும் குழாயும், வாசலில் அந்த ஆணியும்தான் மிச்சம். மார்கழி பிறந்து முதல் உறைபனி புல்லில் உப்பு மாதிரி விழுந்த அன்று, விடிகாலை ஐந்து மணிக்கு டொக், டொக், டொக் என்றது. விலா பெருமூச்சு விட்டது. எட்டாம் நம்பர் லூர்து படுக்கையிலிருந்தே சுவரைத் தட்டி, "நாயகி, சூசை வந்துட்டாரு, எழுந்திரி" என்றாள். நான் எழுந்து, ஈரத்துணியை எடுத்து விலாமேல் போட்டேன். வேறு என்ன செய்வது?

அன்று ஆணியில் நாலாம் நம்பர் தகடு தொங்கிக்கொண்டிருந்தது, பழக்கத்தில் யாரோ பிள்ளை மாட்டியது. பத்து வீடும் வெதுவெதுப்பாக இருக்க, நாலாம் நம்பரில் மட்டும் அடுப்பில் வைத்த பால் மத்தியானம் வரை பொங்கவில்லை. அந்த வீட்டார் எல்லாருக்கும் நகம் நீலமாகிவிட்டது. மார்க்கெட்டுக்குப் போயிருந்த மூத்தவனுக்கு பஸ்ஸிலேயே கை விறைத்துவிட்டது. மறுநாள் சரியாகிவிட்டார்கள். மறுநாள் யாரும் தகடு மாட்டவில்லை, சூடு வந்தது, லூர்து கூடையில் வைத்திருந்த ஒன்பது கோழிக்குஞ்சுகளும் கல்லாகக் கிடந்தன. அதற்கு மறுநாளும் மாட்டவில்லை, ஐந்தாம் நம்பரில் பிறந்து பத்து நாளான கைக்குழந்தைக்கு உதடு நீலம் பாரித்து, ஓடிப்போய் ஒரு தகட்டை மாட்டியதும் நிறம் திரும்பியது. எங்களுக்கு விளங்கிவிட்டது. பத்து வீட்டுக்குச் சூடு வேண்டுமென்றால் ஒரு வீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தகடு தொங்கினால் அந்தக் கதவிலிருந்து எடுப்பார். ஆணி வெறுமையாக இருந்தால் கட்டடத்தில் எது சின்னதோ அதிலிருந்து எடுப்பார். எந்த உலையில் சோறோ அந்தக் கதவின் ஆள், அது சூசையின் கணக்கு. எங்கே ஓடிப்போனாலும் கூடவே வரும்.

பயந்து வெளியேறியிருக்கலாம். யாரும் வெளியேறவில்லை. பதினொரு நாளில் பத்து நாள் சூடு என்பது மலையில் சின்ன விஷயமில்லை. மார்கழியில் எந்த வீட்டிலும் உறையாத தயிர் எங்கள் கட்டடத்தில் உறைந்தது, அரிசி மாவு புளித்தது, அப்பளம் காய்ந்தது. பாதிரியார் வந்து ஜெபம் செய்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து எலுமிச்சம்பழம் வைத்தார், பிறகு இரண்டு பேரும் வேலையில்லாத நாளில் வந்து எங்கள் விலாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு இன்ஜினியர் வந்து குழாயில் காதை வைத்துக் கேட்டு, பூமிக்கடியில் வெந்நீர் ஊற்று இருக்கலாம் என்று சொல்லி, தன் காலுறையை விலாவில் காயவைத்துப் போட்டுக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் "இன்று எங்கள் கதவு முறை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வாத்தியார் லீவு கொடுத்தார். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் நட்சத்திரத்தோடு கதவு நம்பரையும் முறை நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள், கல்யாணத்தை அந்த நாளில் வைத்துவிடக் கூடாதே என்று.

முறை நாளைத் தாங்குவது எப்படி என்றும் கற்றுக்கொண்டோம். முந்தின நாளே மிளகு, சுக்கு போட்டுக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். எல்லாரும் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, ஒரே கம்பளிக்குள் ஒட்டிப் படுத்துவிட வேண்டும். மற்ற வீட்டார் எஸ்டேட் வேலை விட்டு வந்ததும், சாயங்காலம் ஐந்தரைக்கு, ஆளுக்கொரு டம்ளர் டீயோடு போவார்கள். வாசல்படி தாண்டியதும் அது ஆறிவிடும், இருந்தாலும் கொண்டுபோவார்கள். முக்கியமானது, தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் நம்பருக்கு விருந்து வந்த மச்சான் ஒருவர் முறை என்னவென்றே தெரியாமல் அந்த வீட்டில் சாப்பிட்டு, முற்றத்தில் நின்று பீடி குடித்தபடியே சாய்ந்துவிட்டார். நல்லவேளை கூட ஆள் இருந்தது. தெரிந்து குளிர்ந்தால் உடம்பு கதவைச் சாத்திக்கொள்கிறது, தெரியாமல் குளிர்ந்தால் திறந்தே கிடக்கிறது என்று இன்னாசி அண்ணன்தான் அன்று சொன்னார்.

இன்னாசி அண்ணன் மூன்றாம் நம்பர். ரோட்டுப் பக்கம் தனி வாசல். ரிட்டயரான தபால்காரர். பெண்சாதி இல்லை, மகன் கோயமுத்தூரில். வேலை போன பிறகும் சாயங்காலம் நாலு மணிக்கு அவருக்குக் கால் நிற்காது. ஒவ்வொரு கதவாக வந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "லெட்டர்!" என்பார். ஒன்றும் இருக்காது. கொய்யாப்பழமோ, பழைய பேப்பரோ, வெறும் பேச்சோ கொடுத்துவிட்டுப் போவார். என்னிடம், "பயந்தாங்கொள்ளி நாயகி, இன்னைக்கு எதுக்குப் பயந்தே?" என்று கேட்டு, நான் சொல்கிறதை உட்கார்ந்து கேட்பார். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு என் பயத்தை அப்படி உட்கார்ந்து கேட்ட ஆள் அவர் ஒருவர்தான். நான் ஏழாம் நம்பர், நானும் என் மகள் சுகிர்தாவும்.

கொதிகலன் இல்லாமல் சூசை வரத் தொடங்கி ஒன்பது குளிர்காலம் போனது. பத்தாவதில் சுகிர்தா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது, பெண். ஒரு கை அகலம். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பும்போது நர்சம்மா என் கையைப் பிடித்து, "பாட்டிம்மா, மருந்தெல்லாம் அப்புறம். சூடு குறையக் கூடாது. ஒரு நாள் குறைஞ்சாலும் இது தாங்காது" என்றார். செவ்வாய்க்கிழமை கூட்டிவந்தோம். வியாழக்கிழமை ஏழாம் நம்பர் முறை.

பிள்ளைக்கு என் மகள் பால் கொடுக்கிறாள், என் மகள் என் உலையில் சாப்பிடுகிறாள், ஆகவே பிள்ளை ஏழாம் நம்பர் ஆள். தகட்டை மாட்டினால் எங்கள் மூன்று பேரிடமும் எடுப்பார். மாட்டாவிட்டால் கட்டடத்திலேயே சின்னது அதுதான், அதனிடம் மட்டும் எடுப்பார். இரண்டு பக்கமும் ஒன்றுதான். முறையை மாற்ற வேண்டும். மாற்றச் சொல்லி யாரைக் கேட்பது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் லூர்து தன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று என்னைக் கேட்டபோது, அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிடுமே என்று பயந்து முடியாது என்றவள் நான். இருந்தாலும் புதன்கிழமை காலையில் அவளிடமே போனேன்.

"அதுக்கென்ன, நான் மாட்டறேன் போ" என்றாள் லூர்து, அரிசி களைந்தபடி.

"மறந்துடுவியா லூர்து?"

"மறக்க மாட்டேன்."

"பொழுது சாயறதுக்குள்ள..."

"அடியே, எனக்கும் ஆணி எங்க இருக்குன்னு தெரியும். போய்ப் பிள்ளையப் பாரு."

அன்று முழுதும் எட்டு தடவை கொதிகலன் அறைக்குப் போனேன். ஆணியில் அன்றைய முறைத் தகடுதான் தொங்கியது. மூன்று மணிக்குப் பார்த்தேன், லூர்து தகடு இல்லை. ஐந்துக்குப் பார்த்தேன், இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தின காய்ச்சலை அவள் மறந்திருப்பாளா, நானாக இருந்தால் மறப்பேனா என்று யோசித்தேன். ஆறு மணிக்கு அன்றைய தகட்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆணி வெறுமை, வெளிச்சம் கற்பூர மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூன்றாம் நம்பர் ஞாபகம் வந்தது. இன்னாசி அண்ணன் கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம். அவர் உலை மூன்று மாதமாக எரியவில்லை, அவர் முறை நாள்களில் மற்ற கதவுகள் மாறி மாறித் தங்கள் தகட்டை மாட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கதவுக்கு ஆளே இல்லை. ஆளில்லாத கதவிலிருந்து எடுத்துக்கொண்டால் யாருக்கு வலிக்கும்? காலி வீடு குளிர்ந்தால் குளிரட்டுமே. தகட்டை அவர் வாசல் நிலைமேல் வைத்துவிட்டுப் போவார் என்பது எல்லாருக்கும் தெரியும். எடுத்தேன், மாட்டினேன். தகரம் ஆணியில் ஆடி நிற்கிற வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். என் கட்டுப்பாட்டில் இல்லாத கை மாதிரி சொல்லப் பார்க்கிறேன், அப்படியில்லை. என் கைதான்.

வியாழக்கிழமை விடிகாலை மூன்று சத்தம். எங்கள் விலா கொதித்தது. பிள்ளையை அதற்குப் பக்கத்தில் போட்டு, கதவைச் சாத்தி, நானும் சுகிர்தாவும் அது மூச்சு விடுகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். பிள்ளை முதல்முறையாக வயிறு நிறையக் குடித்துத் தூங்கியது. எனக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா, இதற்குப் போயா இத்தனை பயந்தோம் என்று நினைத்தேன்.

நாலு மணிக்குக் கதவில் இரண்டு தட்டு.

திறந்தேன். இன்னாசி அண்ணன் நின்றார். கண்ணில் புதுக் கண்ணாடி. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. ஒரு கம்பளித் தொப்பியை நீட்டினார், மஞ்சள் நிறம், என் முஷ்டி அளவு.

"லெட்டர்!" என்றார். குரல் பாதிதான் வந்தது. "நேத்துக் கடைசி பஸ்ஸுல வந்தேன். பேத்தி பொறந்திருக்கான்னு கேள்விப்பட்டேன், மருமகளப் பின்னச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். அளவு சரியா இருக்கா பாரு."

"வாங்கண்ணே" என்று என் வாய் சொன்னது.

"உள்ள வேணாம், சளி பிடிச்சாப்புல இருக்கு, பிள்ளைக்கு ஒட்டிக்கும். காலையில அடுப்பு மூட்டிக் கஞ்சி வச்சேன், இன்னும் அரிசி வேகல பாரு. யார் முறை நாயகி இன்னைக்கு?"

இந்த இடம்தான். பேராசிரியையிடம் நான் சொல்லாமல் விட்டது இந்த இடத்தைத்தான். "அண்ணே, உங்க முறை, போய்ப் போர்த்திக்கிட்டுப் படுங்க" என்று ஆறு சொல் சொல்லியிருந்தால் அவர் உடம்பு கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். ஆனால் "என் முறை எப்படி வந்துச்சு, யார் மாட்டினது?" என்று கேட்பார். போய்த் தகட்டைக் கழற்றுவார். ஆணி வெறுமையாகும். எனக்குப் பின்னால் விலாவுக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்துக்கு அது தூங்கிக்கொண்டிருந்தது.

"லூர்து முறைண்ணே" என்றேன்.

"அப்படியா" என்றார். தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ எனக்கு வயசாயிடுச்சு. சரி, கதவச் சாத்து, காத்து வருது."

நான் கதவைச் சாத்தினேன்.

ஐந்தரைக்கு டீ டம்ளரோடு போன லூர்துதான் பார்த்தாள். நாற்காலியில், சட்டையோடு, முழங்கால்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கஞ்சிப் பானையின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ். கம்பளி மடித்தபடி கட்டிலில் இருந்தது. கட்டடமே கூடிவிட்டது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி லூர்து அழுது சொன்னாள்: "நேத்து ஆறரைக்கு என் தகட்ட எடுத்துட்டுப் போறேன், மூணு தொங்குது. இவர் வீட்டுல லைட் எரிஞ்சுது. நாயகி பேத்திக்காக வந்த கையோட இவரே மாட்டியிருக்காருன்னு நினைச்சு நான் திரும்பிட்டேன். போர்த்திக்கவும் இல்ல பாருங்க. பிள்ளைக்கு முழுசாப் போகட்டும்னு போர்த்திக்காம உட்கார்ந்திருக்காரு மனுசன்!"

அவள் மறக்கவில்லை. அரை மணி நேரம் என்னால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவ்வளவு பெரிய சாவு ஊர்வலம் அந்த மலையில் நடந்ததில்லை. பாதிரியார் அவரைப் பற்றி அரை மணி பேசினார். தபாலாபீசில் மாலை போட்டார்கள். எல்லாரும் என் கையைப் பிடித்து, உன் பேத்தி கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவர் மகன் பிள்ளையைத் தூக்கி அந்த மஞ்சள் தொப்பியைத் தொட்டுப் பார்த்து, "அப்பா இதுக்குள்ள இருக்காரு" என்றார். நான் தலையாட்டினேன். பேராசிரியை வந்தபோதும் அப்படியே தலையாட்டினேன், "தானே முன்வந்து" என்று அவர் எழுதிக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் விலா தட்டியது. மூன்று இல்லை. இரண்டு. விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பிறகு சூடு வந்தது, சூசையின் சூடு மாதிரி இரும்பு வாசனையோடு இல்லை, ஈரக் கம்பளி காய்கிற வாசனையோடு. எந்த வீட்டிலும் நாலு மணிக்குச் சூடு வருவதில்லை, எங்கள் வீட்டில் மட்டும் வந்தது. கட்டடத்துக்கு அதுவும் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாக்கள் நாலு மணிக்குக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். "சூசைன்னா எல்லாருக்கும், இன்னாசின்னா உனக்கு மட்டும்" என்றாள் லூர்து. கேளாமல் கிடைக்கிற சூட்டுக்குப் பிள்ளைகள் இன்னாசி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெயிலில் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டு, "இந்தக் கல்லுல இன்னாசி இருக்கு" என்கிறார்கள். அந்தச் சொல் எப்படி வந்தது என்று யாராவது நோட்டை விரித்துக்கொண்டு வருவார்களோ என்று எனக்கு ஒவ்வொரு நாளும் பயம்.

பதினோராம் நாள் ஏழாம் நம்பர் முறை வந்தது. என் கையால் மாட்டினேன். ஸ்வெட்டர், சுக்குக் காப்பி, கம்பளி எல்லாம் தயார். பிள்ளையை எனக்கும் சுகிர்தாவுக்கும் நடுவில் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். குளிர் வரவில்லை. பால் பொங்கியது. நகம் சிவப்பாக இருந்தது. எழுந்து ரோட்டுப் பக்கம் ஓடினேன். பூட்டிக் கிடந்த மூன்றாம் நம்பரின் ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக, இலை இலையாக உறைபனி பூத்திருந்தது.

அடுத்த முறைக்கும் அப்படியே. அதற்கடுத்த குளிர்காலத்திலும் அப்படியே. செத்த மனுஷர் பதினொரு நாளைக்கு ஒரு தடவை, போர்த்திக்கொள்ளாமல், யார் முறை என்று தெரியாமல், எனக்காக அந்த நாற்காலியில் குளிர்ந்துகொண்டிருந்தார். கோபமாக வந்திருந்தால் எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். தொப்பியோடு வந்த ஆளுக்கு எதை வைப்பது?

பேத்திக்கு இரண்டு வயது ஆனது. நல்ல குண்டு. ஒரு நாள் நாலு மணிக்கு விலா இரண்டு தட்டு தட்டியதும், விளையாட்டை விட்டுவிட்டு நடந்துபோய் அதன் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டி, "லெட்டர்" என்றாள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் சொல்லவிடவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள், ஏதோ வரப்போகிற மாதிரி. என்றைக்காவது ஒரு நாள் அவர் கொடுத்துவிடுவார். தபால்காரர், யாருக்கு வந்ததோ அவர்களிடம் சேர்க்காமல் விடமாட்டார். அன்றைக்கு இவள் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

மறுநாளே சபையாரிடம் போய் மூன்றாம் நம்பரைக் கேட்டேன். ரோட்டுப் பக்கம் வசதி, முழங்கால் வலி, படி ஏற முடியவில்லை என்றேன். ஏழாம் நம்பரை மகள் பெயருக்கு மாற்றினேன். "பைத்தியமா உனக்கு? இன்னாசி ஏறுற வீட்ட விட்டுட்டு யாராவது போவாங்களா?" என்று லூர்து என் பாயைப் பிடுங்கினாள். பிடுங்கி வாங்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டைக் கூட்டினேன், அவர் அடுப்பை மூட்டினேன், உலை வைத்து வடித்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். மூன்றாம் நம்பர் ஆளானேன். முறை வந்தபோது, வாசல் நிலைமேல் கிடந்த தகட்டை எடுத்துப்போய் என் கையால் மாட்டினேன்.

குளிர் வந்தது. கால் கட்டைவிரலில் தொடங்கி மெதுவாக மேலே ஏறியது. கட்டிலில் போர்த்திப் படுக்காமல், போர்த்திக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாலு மணிக்கு, அந்த வீட்டு விலாவில், முதல்முறையாக, இரண்டு தட்டு. பல் தந்தியடிக்க, நான் அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன். "அண்ணே, அன்னைக்கு உங்க முறை. நான்தான் மாட்டினேன். இன்னைக்கு என் முறை. நீங்க போய்ப் போர்த்திக்கிட்டுப் படுங்க." விலா பெருமூச்சு விட்டது. சூடாக இல்லை, வெறும் மூச்சு. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நாலு மணிக்குத் தட்டுவதில்லை. ஏழாம் நம்பருக்கு மற்றவர்களைப் போலவே முறை நாளில் குளிர்கிறது. சுகிர்தா சுக்குக் காப்பி போட்டுக்கொள்கிறாள், பேத்தி இரண்டு ஸ்வெட்டருக்குள் உருண்டையாகக் கிடந்து சிரிக்கிறாள். தாங்குகிற வயது.

இனி பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு வாரம் நினைத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது: மூன்றாம் நம்பரில் ஒரு கிழவி தனியாக இருக்கிறாள். அவள் தகடு வாசல் நிலைமேல் கிடக்கிறது. கட்டடத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் யாருக்கோ ஒரு பிள்ளை பிறக்கும், ஒரு கை அகலத்துக்கு. பொழுது சாய்ந்துகொண்டிருக்கும், ஆணி வெறுமையாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கை எவ்வளவு தூரம் போகும் என்று இந்தக் கட்டடத்தில் எனக்குத்தான் தெரியும்.

அன்றே தகட்டை எடுத்து, பெரிய ஊக்காகப் பார்த்து, ரவிக்கையின் உள்பக்கம் குத்திக்கொண்டேன். பதினொரு நாளைக்கு ஒரு தடவை, மாட்டுவதற்கு மட்டும் கழற்றுகிறேன். மறுநாள் விடிந்து முறை முடியும் வரை ஆணி பக்கத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை, முடிந்ததும் முதல் ஆளாகப் போய் எடுத்துத் திரும்பக் குத்திக்கொள்கிறேன். குளிக்கும்போதும் பல்லில் கடித்துக்கொள்கிறேன். வியர்வையில் துருப்பிடித்து என் நெஞ்சில் மங்கலாக ஒரு மூன்று விழுந்திருக்கிறது, தேய்த்தாலும் போவதில்லை. "உன் தகட்ட யாருடி திருடப்போறா?" என்று லூர்து சிரிக்கிறாள். நான் ஊக்கு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.